ஜெராக்ஸ் பாயும் எட்டு யூனியன் பிரதேசங்களும்

உலகத்தின் எந்த மூலையில் எந்த நாடு தன் பெயரை மாற்றிக்கொண்டாலும், அதனால் முதலில் தூக்கம் கெடுவது தஞ்சாவூர் கீழவாசல் பக்கத்தில் இருக்கும் ஒரு ஜெராக்ஸ் கடையில்தான். அந்த நாட்டு மக்களுக்கே விஷயம் அப்புறம்தான் தெரியவரும். ஜெராக்ஸ் பாய்க்கு முதல் நாளே தெரிந்து, அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

நான் அப்போது மருந்து கம்பெனி ரெப். பாய் கடைக்கு மேலே மாடியில் ஒற்றை அறை. குடிவந்த மூன்றாம் நாள் விடிகாலையில் கதவைத் தட்டினார். திறந்தால், இழவு சொல்ல வந்தவர் முகத்தோடு நிற்கிறார்.

"தம்பி, சுவாசிலாந்து இருக்குல்ல?"

"எங்க பாய்?"

"ஆப்பிரிக்காவுல."

"இருக்கட்டும் பாய்."

"இல்ல தம்பி. இப்ப இல்ல. எஸ்வாட்டினின்னு மாத்திட்டாங்க." படியில் உட்கார்ந்துவிட்டார். "நான் நேத்து சாயங்காலம்கூட ஒரு பொண்ணுக்கு சுவாசிலாந்துன்னு சொல்லி அனுப்பியிருக்கேன்."

நான் பல் விளக்காமல் அரைமணி நேரம் அவருக்கு ஆறுதல் சொன்னேன். அந்தப் பெண்ணுக்கு அவர் ஏழு மணிக்கே போன் போட்டுத் திருத்திவிட்டார். அதற்கப்புறம்தான் டீ குடித்தார்.

அவரை ஏன் இந்தக் கவலை பிடித்தது என்பதற்கு என்னிடம் ஒரு காரணம் உண்டு. பதினாலு வருஷம் மஸ்கட்டில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் இருந்தவர். தினமும் அலமாரி அலமாரியாகப் போய் காலாவதி தேதி பார்ப்பதுதான் வேலை. தேதி முடிந்த தயிர், தேதி முடிந்த பிஸ்கட், தேதி முடிந்த சாஸ் எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்து ஓரம் கட்ட வேண்டும். "என் கையத் தாண்டி ஒரு கெட்டுப்போன டப்பா வெளிய போனதில்ல தம்பி" என்பார். ஊர் திரும்பி ஜெராக்ஸ் மெஷின் வாங்கிப் போட்டவர், அரசுத் தேர்வு எழுதுகிறவர்கள் கொண்டுவரும் பொது அறிவுப் புத்தகங்களைப் பிரதி எடுக்கும்போது படித்துப் பார்த்திருக்கிறார். ஆடிப்போய்விட்டார். இல்லாத நாடுகளுக்கு இல்லாத தலைநகரங்களை நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள்.

அதனால் தானே ஒரு புத்தகம் போட்டார். ஆயிரம் கேள்வி, ஆயிரம் பதில், சுருள் கம்பி பைண்டிங், மேலே பளபளவென்று பிளாஸ்டிக் அட்டை. வாங்குகிறவர் பெயர், ஊர், போன் நம்பர் மூன்றையும் ஒரு டைரியில் எழுதிக்கொண்ட பிறகுதான் புத்தகத்தைக் கையில் கொடுப்பார்.

"நம்பர் எதுக்கு பாய்?" என்று யாராவது கேட்டால், "பதில் மாறினா சொல்லணும்ல" என்பார்.

சொல்லவும் செய்தார். நாகப்பட்டினத்திலிருந்து மயிலாடுதுறையைத் தனி மாவட்டமாகப் பிரித்தபோது, புத்தகம் வாங்கிய அத்தனை பேருக்கும் போன் போட்டார். ஒருவருக்கு அன்று கல்யாண வரவேற்பு. மேடையில் மாலையும் கழுத்துமாக நின்றவர், நம்பரைப் பார்த்துவிட்டு மரியாதைக்காக எடுத்திருக்கிறார்.

"முப்பத்தேழு இல்ல தம்பி, முப்பத்தெட்டு. திருப்பிச் சொல்லுங்க."

"முப்பத்தெட்டு பாய். முப்பத்தெட்டுதான். இனிமே யார் கேட்டாலும் முப்பத்தெட்டுன்னே சொல்றேன்."

பக்கத்தில் நின்ற மணப்பெண்ணுக்கு முகம் வெளிறிவிட்டது. ஜாதகத்தில் முப்பத்தொன்று என்றல்லவா இருந்தது. மாப்பிள்ளை வயதை மறைத்துவிட்டார்கள் என்று பெண் வீட்டில் பெரிய பேச்சாகி, பந்தி பாதியில் நின்று, கடைசியில் பாய் நேரில் போய் தமிழ்நாட்டு மாவட்டங்களை வரிசையாக ஒப்பித்த பிறகுதான் சாம்பார் அடுத்த வரிசைக்கு நகர்ந்தது.

இப்படிப்பட்டவரை நான் மனமகிழ் மன்றத்து வினாடி வினாவுக்குக் கூட்டிப்போனேன். தப்பு என்னுடையதுதான்.

மனமகிழ் மன்றம் என்பது அழகான பெயர். உள்ளே ஒரு மேசையில் கேரம், ஒரு மேசையில் சீட்டு, மிச்ச மேசைகளில் மனம் மகிழ்வதற்கான பாட்டில்கள். அங்கே வெள்ளிக்கிழமை சாயங்காலம் இரண்டிரண்டு பேர் சேர்ந்து விளையாடும் பொது அறிவுப் போட்டி ஒன்றை ஆரம்பித்திருந்தார்கள். முதல் பரிசு மிக்ஸி. என் அறையில் மிக்ஸி இல்லை. இதை நான் பாயிடம் சொல்லவில்லை. "சரியான பதில் தெரிஞ்ச ஆளே அங்க இல்லையாம் பாய்" என்று மட்டும் சொன்னேன். அவருக்குப் பொறுக்கவில்லை. மக்ரிப் தொழுகையை முடித்துவிட்டு வந்தார். ஜன்னலோர மேசையில், பாட்டில்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பன்னீர் சோடா கேட்டார்.

கேள்வி கேட்டவர் ஓய்வுபெற்ற பேங்க் மானேஜர். "சூரியக் குடும்பத்தில் கிரகங்கள் எத்தனை?" என்று ஆரம்பித்தார்.

பாய் கையைத் தூக்கினார். "எந்தத் தேதி நிலவரப்படி சார்?"

"கிரகத்துக்கு என்னங்க தேதி?"

"இருக்குங்க சார். முந்தி ஒன்பது. அப்புறம் புளூட்டோவ எடுத்துட்டாங்க."

மானேஜர் கையிலிருந்த அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "எட்டு, சரி" என்றார். மற்ற எல்லா மேசையிலும் ஒன்பது எழுதியிருந்தார்கள். அடுத்து பர்மாவின் தலைநகரம். பக்கத்து மேசைக்காரர்கள் ரங்கூன் என்று எழுதிவிட்டு, எங்கள் தாத்தா அங்கேதான் மளிகை வைத்திருந்தார் என்று சாட்சி சொன்னார்கள். பாய் நேபிடாவ் என்று எழுதி அடியில் கோடும் போட்டார். ஒவ்வொரு கேள்விக்கும் தேதி கேட்டார். ஒவ்வொரு பதிலையும் எழுதிவிட்டு, "தம்பி, மாறியிருக்காதுல்ல?" என்று என் காதோரம் கேட்டார். அவர் நெற்றி வியர்வையில் என் சட்டைத் தோள் நனைந்தது. ஆனால் ஒன்றுகூடத் தப்பவில்லை.

கடைசியில் நாங்களும் இரண்டு ஓய்வுபெற்ற தாசில்தார்களும் சமமாக நின்றோம். ஒரே ஒரு கேள்வி. யார் சரியாகச் சொல்கிறார்களோ அவர்களுக்கு மிக்ஸி.

"இந்தியாவில் யூனியன் பிரதேசங்கள் எத்தனை?"

அந்த சாயங்காலத்தில் முதல் தடவையாக பாய் தேதி கேட்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏழு இருந்துச்சு. காஷ்மீர், லடாக் ரெண்டும் சேர்ந்து ஒன்பது" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"தப்பு. எட்டு" என்றார் மானேஜர். தாசில்தார்கள் எட்டு எழுதியிருந்தார்கள்.

நான் போனை எடுத்துத் தேடினேன். ஒன்பது ஆன மூன்றே மாதத்தில் டாமன் டையூவையும் தாத்ரா நாகர் ஹவேலியையும் ஒன்றாக்கி எட்டாகக் குறைத்திருந்தார்கள். பாயிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"அது எந்த வாரம் தம்பி?"

சொன்னேன்.

"அந்த ஒரு வாரம் மக பிரசவத்துக்கு ஆஸ்பத்திரில இருந்தேன். உலகத்தப் பாக்கல" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை சோடா பாட்டிலை விடச் சில்லென்று இருந்தது. "முப்பத்தொண்ணாம் பக்கம். ஒன்பதுன்னு போட்டிருக்கேன். நாப்பத்தாறு பேர் வாங்கிட்டுப் போயிருக்காங்க. ஞாயித்துக்கிழமை பரீட்சை."

மிக்ஸி போனது எனக்கு அந்த நிமிஷமே மறந்துவிட்டது. அவ்வளவு பயந்த முகத்தை நான் எந்த ஆஸ்பத்திரி வராந்தாவிலும் பார்த்ததில்லை.

கடைக்கு வந்து டைரியைத் திறந்து வரிசையாகப் போன் போட்டார். நாற்பத்துநாலு பேர் கிடைத்தார்கள். இரண்டு பேர் கிடைக்கவில்லை. திருக்காட்டுப்பள்ளிக்காரர் ஒருவர், அவர் நம்பரில் ஓர் இலக்கம் குறைந்தது. வேதாரண்யத்தில் கலையரசி என்று ஒரு பெண், அந்தப் போன் அணைந்து கிடந்தது.

"ரெண்டு பேருதானே பாய். ஒரு மார்க்குதானே" என்றேன்.

"ஒரு மார்க்குல எத்தன பேர் நிக்கிறாங்க தெரியுமா தம்பி? நான் சொன்ன பதிலால ஒருத்தர் வாழ்க்க போச்சுன்னா, நான் எந்த முகத்த வச்சுக்கிட்டு கடை தொறப்பேன்?"

சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு என் கதவு தட்டப்பட்டது. தலையில் ஹெல்மெட்டோடு பாய் நின்றார். ஹெல்மெட் அவருடையது, பைக் என்னுடையது. எனக்கு அன்று சாயங்காலம் நாலு மணிக்கு ஏரியா மானேஜரோடு மாதாந்திர மீட்டிங். ஏற்கெனவே இரண்டு மீட்டிங்குக்கு வயிற்றுவலி சொல்லியிருந்தேன். மூன்றாவது வயிற்றுவலியை மருந்து கம்பெனி தாங்காது. அதற்குள் திரும்பிவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, டை கட்டிக்கொண்டே வண்டியை எடுத்தேன்.

திருக்காட்டுப்பள்ளிக்காரர் வயலில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தார். சேற்றில் வண்டி உறுமுகிற சத்தத்தில் பாய் வரப்பில் நின்று, "யூனியன் பிரதேசம் எட்டு" என்று கத்தியது அவருக்குக் கேட்கவில்லை. பக்கத்து வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்களுக்குக் கேட்டது. "எட்டாம்ணே" என்று அவர்கள் குரல் கொடுத்தார்கள். "எத்தன மூட்ட?" என்றார் அவர்.

ஒருவழியாக வண்டியை நிறுத்திவிட்டு வந்து, பாய் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். "பாய், நான் பரீட்சைக்கு அப்ளையே பண்ணலியே. படிச்சுப் பாத்தேன், இது நமக்கு ஆவாதுன்னு விட்டுட்டேன்."

"புஸ்தகம் எங்க?"

"டிராக்டர் சீட்டு ஆடுது. முட்டுக் குடுத்திருக்கேன்."

பாய் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு சேற்றில் இறங்கினார். சீட்டுக்கு அடியிலிருந்து புத்தகத்தை உருவி, முப்பத்தொன்றாம் பக்கத்தைப் புரட்டி, ஒன்பதை அடித்து எட்டு என்று எழுதி, ஊதிக் காயவைத்து, மறுபடி அதே இடத்தில் அதே மடிப்பில் சொருகினார். சீட்டை ஒரு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டு, டைரியில் விட்டுப்போன இலக்கத்தையும் கேட்டு எழுதிக்கொண்டுதான் கரையேறினார்.

அங்கிருந்து வேதாரண்யம் போவதென்றால் டெல்டாவின் மேற்குக் கோடியிலிருந்து கடல் வரை போக வேண்டும். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. வங்கக் கடலில் தாழ்வுநிலை என்று காலையிலேயே செய்தி. பின்னால் உட்கார்ந்திருந்த பாய்க்கு அதுவும் கவலை. "புயலுக்குப் பேர் வைக்கிற நாடு முந்தி எட்டு. இப்ப பதிமூணு" என்றார் முதுகுப் பக்கமிருந்து. மன்னார்குடியில் டீக்கு நிறுத்தினோம். "தம்பி, போன்ல ஒரு தடவ பாத்துடுங்க. இன்னைக்கும் எட்டுதானே?" பார்த்தேன். எட்டுதான். திருத்துறைப்பூண்டியில் மழைக்கு ஒதுங்கினோம். "இன்னொரு தடவ பாத்துடலாம்." இன்னும் எட்டுதான். இப்படியே கேட்டுக் கேட்டு, இரண்டு மணிநேரத்தில் ஏதோ ஒரு யூனியன் பிரதேசம் உடைந்துவிடும் என்று எனக்கே பயம் வந்துவிட்டது.

உப்பளத்துப் பக்கம் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு. டை கட்டிய நான், டைரியோடு தாடி வைத்த பெரியவர், தலைக்கு மேலே கருத்த வானம். புயல் சேதம் கணக்கெடுக்க வந்திருக்கிறோம் என்று ஊரே முடிவு செய்துவிட்டது. புயல் இன்னும் வரவேயில்லை. ரேஷன் கார்டோடு இருபது பேர் கூடிவிட்டார்கள். ஒரு பெரியவர் போன புயலில் போன கூரையைப் பற்றி ஆரம்பித்தார். பாய் பாவம், அதையும் டைரியில் குறித்துக்கொண்டார். "கலையரசிங்கிற பொண்ணு?" என்று நான் நடுவில் கேட்டதற்கு, உப்பு மூட்டை பிடிக்கும் கொட்டகையைக் காட்டினார்கள்.

கலையரசிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். மத்தியானச் சோற்று நேரம். மூட்டைமேல் உட்கார்ந்து, தூக்குச் சட்டியை ஒரு பக்கமும் பாயின் புத்தகத்தை ஒரு பக்கமும் வைத்துக்கொண்டு படித்துக்கொண்டிருந்தார். போன் பாத்தியில் விழுந்து உப்புத் தண்ணீர் குடித்துச் செத்துவிட்டதாம். எங்களைப் பார்த்ததும் எழுந்தார்.

"பாய், நீங்களா? என்னாச்சு?"

பாய் டைரியை மூடினார். "தங்கச்சி, முப்பத்தொண்ணாம் பக்கத்துல ஒரு தப்பு நடந்துபோச்சு. யூனியன் பிரதேசம் ஒன்பது இல்ல..."

"எட்டு" என்றார் கலையரசி. "நான் போன மாசமே மாத்திட்டேனே பாய்."

பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். சிவப்புப் பேனாவில் எட்டு. பாய் அப்படியே மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். முகத்தில் ரத்தம் திரும்பியது. நானும் மணியைப் பார்த்தேன். இப்போது கிளம்பினால் மீட்டிங்குக்குப் போய்விடலாம்.

அப்போது அந்தப் பெண் கொஞ்சம் தயங்கி, "இன்னும் ஆறு இருக்கு பாய்" என்றார்.

"என்ன ஆறு?"

"தப்பு."

கொட்டகைத் தகரத்தின் மேல் மழை விழ ஆரம்பித்தது. கலையரசி ஒவ்வொன்றாகப் புரட்டினார். உப்பு உற்பத்தியில் முதலிடம் தமிழ்நாடு என்று இருந்தது. "குஜராத்து பாய். காலைலேருந்து சாயங்காலம் வரைக்கும் உப்புலயே நிக்கிறேன், எனக்குத் தெரியாதா?" மனித உடலில் எலும்புகள் இருநூற்றாறு என்பது இருநூற்றறுபது ஆகியிருந்தது. அந்தப் பக்கத்தை அச்சுக்கு முன்னால் சரிபார்த்துக் கொடுத்தவன், மருந்து கம்பெனி ரெப் என்ற தகுதியில், நான். வெளியே வானத்தைப் பார்த்தேன்.

"ஏம்மா அப்பவே சொல்லல?" பாய் குரல் உள்ளே போய்விட்டது.

"சொன்னா நீங்க ஒடிஞ்சு போயிடுவீங்கன்னு நெனச்சேன் பாய். ஒரு ஊரு பேர் மாறினதுக்கே போன்ல அப்படிப் பதறினீங்க. எனக்கு மாத்திக்கத் தெரிஞ்சுது, மாத்திக்கிட்டேன்."

"உங்களுக்குத் தெரிஞ்சுது. மத்த நாப்பத்தஞ்சு பேருக்கு?"

எழுந்துவிட்டார். அவர் போனில் சார்ஜ் இல்லை. என் போனை வாங்கினார். டவர் கிடைக்கிற இடம் பாத்திகளுக்கு நடுவில் ஒரு கரை மட்டும்தான். மழையில் கோணிப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அங்கே போய் நின்று முதல் ஆளுக்கு ஆரம்பித்தார். ஒரு ஆளுக்கு ஆறு திருத்தம். ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்ல வைத்தார். இரண்டாவது ஆள் முடிவதற்குள் இருபது நிமிஷம் ஆகிவிட்டது. எண்ணிப் பார்த்தால் ராத்திரிதான் இவர் முடிப்பார்.

கலையரசிதான் சோற்றுக்கையைக் கழுவிவிட்டு வந்து போனை வாங்கினார். "பாய், குரூப்பு ஒண்ணு போட்டுடலாம்." என் வாட்ஸப்பில் நாற்பத்தைந்து பேரையும் சேர்த்தார். டைரியைப் பார்த்து பாய் நம்பர் வாசிக்க, அவர் அடித்தார். ஆறு தப்பையும் யூனியன் பிரதேசத்தையும் பக்க எண்ணோடு எழுதி அனுப்பினார். ஒவ்வொரு பெயருக்கும் படித்த அடையாளம் வருகிற வரை பாய் அந்தச் சின்னத் திரையை, ஐசியூ வாசலில் நிற்கிற சொந்தக்காரர் மாதிரி பார்த்துக்கொண்டே நின்றார். கோடு நீலமானவர்களிடமும் நம்பிக்கை வராமல், "படிச்சீங்களா?" என்று கேட்டுத் தனித்தனியாகப் போன் போட்டார்.

எல்லாம் முடியும்போது மணி நாலரை. என் ஏரியா மானேஜர் பதினேழு தடவை கூப்பிட்டிருந்தார். பதினேழு தடவையும் போன் வேலையாக இருந்தது. நான் திரும்பக் கூப்பிட்டு, உப்பளத்தில் நிற்பதாக உண்மையைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. வயிற்றுவலி என்றிருந்தால் நம்பியிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை பரீட்சை நடந்தது. அந்த ஏழில் ஒன்றுகூடக் கேட்கவில்லை. யூனியன் பிரதேசம் இல்லை, உப்பு இல்லை, எலும்பு இல்லை. கேள்வித்தாளை வாங்கிப் பார்த்த பாய், "அடுத்த தடவ கேப்பாங்க. அதுக்குள்ள என்ன மாறுமோ" என்று அடுத்த கவலைக்குத் தயாரானார்.

கலையரசி தேறினார். ஒரு தாலுகா ஆபீசில் உட்கார்ந்திருக்கிறார். பாயின் புத்தகம் இப்போது அவர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மெஷினுக்குப் போகிறது. முதல் பக்கத்தில் 'சரிபார்த்தவர்: கலையரசி' என்று பாயின் பெயரை விடப் பெரிய எழுத்தில் இருக்கும். என்னை அந்த வேலையிலிருந்து மரியாதையாக விடுவித்துவிட்டார்கள். எனக்கு வந்தது ஒரு மெமோவும், அடுத்த மாதமே திருநெல்வேலிக்கு மாற்றலும். பஸ் ஏற்றிவிட வந்த பாய், திருநெல்வேலி மாவட்டத்தைப் பிரித்துத் தென்காசி தனியாகப் போய்விட்டது, ஜாக்கிரதை என்று சொல்லி அனுப்பினார்.

வருஷங்கள் ஆகிவிட்டன. அந்த வேலையையும் விட்டு, இப்படி எழுதிப் பிழைக்கிறேன். மாதம் ஒரு தடவை பாய் கூப்பிடுவார். சென்ற மாதம் கூப்பிட்ட அன்று, என் மேசைமேல் ஒரு ஸ்கேன் ரிப்போர்ட் கவர் கிடந்தது. காலையில் வாங்கி வந்தது. பிரிக்கத் தைரியமில்லாமல் அதன்மேல் தண்ணீர்ச் சொம்பை வைத்திருந்தேன். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை.

"போன மாசம் நல்லா இருக்கேன்னு சொன்னீங்க தம்பி. இன்னைக்கும் அதே பதில்தானே?" என்றார்.

என்னால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை. "தெரியல பாய். கவர் இருக்கு. இன்னும் பிரிக்கல" என்றேன்.

அவருக்குப் பின்னால் ஜெராக்ஸ் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. யாரிடமோ அதை நிறுத்தச் சொன்னார்.

"பிரிங்க. நான் லைன்லயே இருக்கேன்."

பிரித்தேன். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை அவருக்கு வாசித்துக் காட்டினேன். பயப்பட ஒன்றுமில்லை என்றுதான் எழுதியிருந்தது.

"பாய்?"

"பேரு உங்க பேருதானே? தேதி இந்த வாரம்தானே? பாத்து சொல்லுங்க."

பார்த்தேன். என் பேர்தான், நேற்றைய தேதிதான் என்று சொன்னேன். அதற்குப் பிறகுதான் அவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.